வேதாசலம் வீட்டுக் கோணல் ஷட்டர்

1998, ஆவணி மாதம். காலை ஏழு மணி.

உத்திரமேரூர் வேதாசலத்தின் கார் ஷெட் முன்னால் தெருவே திரண்டிருந்தது. இரும்பு ஷட்டர் பாதி ஏறி, வலப்பக்கம் தான் ஓடும் இரும்புக் காடியை விட்டு வெளியே வந்து, கோணிக்கொண்டு நின்றது. உள்ளே வெள்ளை அம்பாசடர். வாலாஜாபாத் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போக வேண்டிய வண்டி.

போலீஸ் ஏட்டம்மா பவளத்தை நாஷ்டாவிலிருந்து எழுப்பி அழைத்து வந்திருந்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்குமாம். பவளத்துக்குப் பொறுமை மட்டும்தான் பறக்கும்.

வேதாசலம் வலக்கையை மட்டும் உயர்த்தி வணக்கம் சொன்னார். இடக்கை துண்டுக்குள் இருந்தது. மூடநம்பிக்கையை மேடை மேடையாகத் தோலுரித்துத் தொங்கவிடும் பேச்சாளர் அவர்.

"இன்னா ஐயா நடந்துது?"

"திருட்டு முயற்சி. விடிகாலைல வந்தேன், இப்டி நிக்குது. பூட்டு ஒடையல. சாவி போட்டுத் தெறந்துகீறான். இன்னொரு சாவி டிரைவர் ஞானதாஸாண்ட கீது. அவன்தான் திருடன்."

ஞானதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து வருசமா இந்த வண்டிய ஓட்டிக்கினு கீறேன் ஏட்டம்மா. இந்தப் பேரு வந்தா இனிமே எவன் என்னை நம்பி வண்டி குடுப்பான்?"

பவளத்துக்கு மனசு கஷ்டமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

ஷட்டர் ஓடும் காடி தோள் உயரத்தில் நசுங்கியிருந்தது. அடி விழுந்தது உள்பக்கமிருந்து. கீழே கொஞ்சம் சிமெண்ட் தூள். அதற்கு நேர் மேலே, தூணில் ஒரு பழைய டயர் டியூப் தொங்கியது.

"ஞானதாசு, டியூபெல்லாம் எங்க மாட்டுவ?"

"பின்னாடி செவுத்துல. இங்க மாட்டுனா ஷட்டர்ல சிக்கிக்கும்."

பவளம் டியூபை எடுத்தாள். அதன் பின்னால் தூணில் ஆணியடித்த புத்தம் புதிய குதிரை லாடம். அதில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காயவில்லை.

டிரைவரை வெளியே அனுப்பிவிட்டு வேதாசலத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"இடக்கையக் காட்டுங்க ஐயா."

கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது.

"வெளிய இருந்து நெம்புனா காடில உள்பக்க அடி விழாது. யாரும் பாக்கக் கூடாதுன்னு ஷட்டர எறக்கிட்டு, இருட்டுல ஆணி அடிச்சிகீறீங்க. ஒரு அடி காடி மேல, ஒரு அடி வெரல் மேல. அப்பறம் தூக்கும்போது ஷட்டர் அந்த நசுக்குல மாட்டி வெளிய வந்துடுச்சி. லாடத்த மறைக்க டியூப மாட்டிட்டீங்க. எப்பவும் ரெண்டு கையும் கூப்புற மனுசன் ஒத்தக் கையில வணக்கம் சொன்னப்பவே எனக்கு உறுத்திச்சி."

"புது எஞ்சின் போட்டதுலேர்ந்து ஊர்க்கண்ணு ஏட்டம்மா," வேதாசலம் கிசுகிசுத்தார். "வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்."

"அதுக்கு அவன் மானந்தான் கெடச்சிதா?"

பவளம் கூப்பிட்டு, "உன் மேல தப்பு இல்ல" என்றதும் ஞானதாஸ் உள்ளே வந்து ஸ்குரூ டிரைவரால் காடியை நெம்பி விரித்தான். தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே நுழைத்தான். ஷட்டர் முனகிக்கொண்டே மேலே போனது.

வேதாசலம் வண்டிச் சாவியை நீட்டினார். அவன் கை நீட்டவில்லை.

"திருடன்னு இந்தத் தெரு சனம் முன்னாடிதான சொன்னீங்க மொதலாளி. அதே சத்தத்துல வாபஸ் வாங்குங்க."

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல் வேதாசலத்துடையது. அன்று முன்வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

"ஞானதாஸ் திருடன் இல்ல. தப்பு என்னுது."

"கேக்கல," என்றது கூட்டத்தின் பின்வரிசை.

வேதாசலம் இன்னொரு முறை கத்திச் சொன்னார். அதன் பிறகுதான் ஞானதாஸ் சாவியை வாங்கினான்.