காயாத இடம்

துடைத்த இடம் மறுபடியும் ஈரமாக இருந்தது.

இது மூன்றாவது முறை. ஜீப்பில் ஓட்டுநர் இருக்கை இருந்த இடத்துக்குப் பின்னால், இருக்கைகளையும் விரிப்பையும் கழற்றிவிட்ட வெறும் தகட்டுத் தரையில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். உப்புத்தாள் போட்டு உரசியாயிற்று. தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாயிற்று. ஹீட் கன்னைப் பிடித்துத் தகடு சுடும்வரை காற்று அடித்தாயிற்று. தலையைத் திருப்பி அடுத்த மூலையை உரசிவிட்டுத் திரும்பினால், அதே இடத்தில் அதே ஈரம் மினுங்கியது.

வெளியே உச்சி வெயில். மழை பெய்து நான்கு மாதமாகிறது. ஷெட்டின் தகரக் கூரை வெப்பத்தில் விரிந்து விட்டுவிட்டுச் சொடுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தூசி உள்ளே வராமலிருக்க ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கியிருந்ததால், உள்ளே புழுக்கம் ஆளைப் பிழிந்தது.

"வண்டிக்கு வேர்க்குது போல அண்ணி," என்றாள் நாத்தனார், பின் கதவு வழியாகத் தலையை நீட்டி. "நமக்கே இப்படி ஊத்துது, அதுக்கு ஊத்தாதா?"

"கேலி பேசினது போதும், அந்த டேப்பை எடுத்துக் குடுடி."

நாத்தனார் நீட்டிய டேப்பைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டவள், விரலால் அந்த ஈரத்தைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். தின்னர் வாடை இல்லை. பெட்ரோலும் இல்லை. மக்கிய இலையும் சேறும் கலந்த வாடை. ஆற்றின் அடியில் கைவிட்டு எடுத்த மண்ணின் வாடை. விரல் சில்லிட்டிருந்தது.

ஷெட்டில் ஆளுக்கொரு வேலை. அவள் கணவருக்கு என்ஜின். அவளுக்கும் நாத்தனாருக்கும் பூச்சு. சரக்கு வண்டிகளின் பின் தொட்டிக்குப் பூசும் ரப்பர் மாதிரியான கறுப்புப் பூச்சு அது. காய்ந்துவிட்டால் கல்லைக் கொட்டினாலும் கீறல் விழாது, சொட்டுத் தண்ணீர் புகாது. காடு மேடு போகும் ஜீப்புகளுக்கு உள்தரையிலும் பூசச் சொல்லிச் சிலர் வருவதுண்டு. இந்த ஜீப்பும் அப்படித்தான் நேற்றுக் காலை வந்தது. ஆனால் ஓட்டிக்கொண்டு வரவில்லை. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள்.

வண்டிக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையான பேச்சு. பேசிய நேரம் முழுக்க ஜீப்புக்கு முதுகைக் காட்டியே நின்றான்.

"உள்ள ஒரு இடம் விடாம பூசணும்க்கா. தரை, சுவர், கதவோட உள்பக்கம், எல்லாம்."

"தரைக்குப் பூசினா போதுமே தம்பி."

"எல்லாம் பூசிடுங்க."

"சரி. தரையில நாலு ஓட்டை இருக்கு, தண்ணி வடியறதுக்கு. அதை மட்டும் விட்டுடறோம்."

"வேணாம். அதையும் அடைச்சிடுங்க."

"அடைச்சிட்டா, ஓடை கீடைல இறக்கும்போது புகுற தண்ணி உள்ளேயே நிக்குமே?"

"உள்ளேயே நிக்கட்டும்," என்றான். பிறகு, கேட்காமலே, "எங்க அண்ணன் வண்டி. அண்ணன் இப்ப இல்ல," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தான்.

துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள், நமக்கென்ன என்றுதான் அப்போது நினைத்தாள்.

நான்காவது முறை சூடுகாட்டியபோது ஈரம் போயிற்று. ஐந்து நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தார்கள். திரும்பி வரவில்லை. பூச்சு டின்னைத் திறந்து, பூச்சை இறுகவைக்கும் ஹார்டனரை ஊற்றி, கட்டையால் அடியோடு கலக்கினாள். கலந்தபின் அரை மணி நேரம்தான் கையில். அதற்குள் பூசி முடிக்காவிட்டால் டின்னிலேயே கல்லாகிவிடும்.

கலக்கி முடித்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகள் வாந்தி எடுத்தாளாம்.

"நீங்க வேலையைப் பாருங்க அண்ணி, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்," என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள் நாத்தனார். "அண்ணனும் லாரி ரிப்பேருன்னு போயிருக்காரு. தனியா இருப்பீங்களா?"

"பட்டப்பகல்ல என்னடி பயம்? போ. பிள்ளைக்கு வழியில ஒரு இளநீர் வாங்கிக் குடு."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது.

முகமூடியை இறுக்கிக்கொண்டு ஜீப்புக்குள் ஏறினாள். முன்பக்கத்தில் தொடங்கி, முழங்காலில் ஊர்ந்தபடியே பின்னோக்கி வந்து, பின் கதவு வழியாக இறங்க வேண்டும், அதுதான் முறை. ரோலர் தகட்டில் உருளும்போது ஈரத்துணியை உரிப்பது போல் ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தம், எக்ஸாஸ்ட் ஃபேனின் உறுமல், முகமூடிக்குள் அவளுடைய சொந்த மூச்சு உள்ளே இழுபட்டு வெளியே தள்ளப்படும் ஓசை. இந்த மூன்றும் சேர்ந்தால் அவளுக்கு ஒரு அமைதி வரும். பத்து வருடப் பழக்கம். சாம்பல் நிறத் தகடு அடி அடியாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தை அடைந்தபோது கை ஒரு கணம் தயங்கியது. காய்ந்துதான் இருந்தது. பூசினாள். நான்கு ஓட்டைகளையும் அடைத்துப் பூசினாள்.

அப்போது மின்சாரம் போனது.

ஃபேன் முனகிக்கொண்டே சுற்றி நின்றது. கூரையிலிருந்த கண்ணாடித் தகடு வழியாக இறங்கிய வெளிச்சம் போதுமானதாக இருந்தது. வேலையை நிறுத்தத் தேவையில்லை. ரோலரை நனைத்தாள். உருட்டினாள். முகமூடிக்குள் மூச்சு வந்து போனது.

வந்து போனது. மறுபடி வந்தது.

ஏதோ சரியில்லை என்று காதுக்கு முதலில் தெரிந்தது, பிறகுதான் மனத்துக்கு. அவள் மூச்சை வெளியே விடும்போது, எங்கோ ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அவள் இழுக்கும்போது அது வெளியே வந்தது.

ரோலரை அப்படியே நிறுத்தினாள்.

மூச்சை அடக்கினாள்.

அது நிற்கவில்லை.

இழுத்து. விட்டு. இழுத்து. களிமண் தொண்டையில் அடைத்தவன் இழுப்பது போல, ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கொழகொழப்பு.

பூச்சின் நெடிதான் இது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஃபேன் நின்றுவிட்டதல்லவா, தலைக்கு ஏறிவிட்டது. கடைசி ஓரத்தை அவசர அவசரமாக உருட்டி முடித்தாள். பின் கதவு வழியாகக் காலைத் துழாவி இறங்கினாள். முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, ஷட்டரின் இடைவெளியில் குனிந்து வெயிலுக்கு முகத்தைக் காட்டினாள். தெருவில் ஒரு நாய் மட்டும் நிழல் தேடிப் போய்க்கொண்டிருந்தது. பாட்டிலிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள். நாத்தனாருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை, வண்டியில் இருப்பாள்.

சட்டென்று வெட்கமாக இருந்தது. பத்து வருடமாகப் பூச்சு வேலை செய்பவள், வெறும் தகட்டுக்குப் பயப்படுவதா? பூசியது ஒழுங்காகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின் கதவருகே போனாள்.

முதலில் காற்றுக் கொப்புளம் என்றுதான் நினைத்தாள். தகட்டில் ஈரம் இருந்தால் பூச்சு உப்பும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இரண்டு கொப்புளங்கள், அருகருகே. டார்ச் ஒளியைச் சாய்த்தாள். கொப்புளத்துக்குக் குதிகால் இருந்தது. மேலே போகப்போக அகன்று, நுனியில் ஐந்து சின்ன மேடுகள்.

பாதங்கள். மேலிருந்து பதிந்தவை அல்ல. அடியிலிருந்து முட்டுபவை.

அவளுக்குக் கால் ஓட்டம் எடுக்கச் சொன்னது. ஆனால் அவள் வேறு செய்தாள்: தரையில் மண்டியிட்டு, ஜீப்பின் அடியில் டார்ச்சை அடித்தாள். காய்ந்த சேறு. துரு. சிலந்தி வலை. தகட்டின் அடிப்புறம் சமதளமாக, எலும்பு போல உலர்ந்து கிடந்தது. எந்தப் பாதத்துக்கும் அங்கே இடமில்லை.

எழுந்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள்.

முழங்கால்கள் வந்திருந்தன.

பிறகு இடுப்பு. மார்பின் குறுக்கே ஒரு பட்டை, இறுக்கமாக. கறுப்புப் பூச்சு ஓசையில்லாமல் எழும்பிக்கொண்டிருந்தது, பால் பொங்கும்போது ஆடை எழும்புவது போல. தோள். கழுத்து. ஒரு கை, எதையோ பிடிக்க நீண்டபடி. முகம்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சு உள்ளே குழிந்தது. உப்பியது. குழிந்தது.

மூச்சு.

கிடைக்காத மூச்சு.

அவள் அலறவில்லை. அவள் மனத்தில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: நான் பூசியதுதான் இதை அடைக்கிறது. என் கை பூசியது. அந்த வாய் மறுபடி குழிந்தது, இன்னும் ஆழமாக, இன்னும் அவசரமாக. பிள்ளை பெற்றவள் அவள். மூச்சுக்குத் தவிக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. டேப் வெட்டும் கத்தி இடுப்புப் பையில் இருந்தது. ஒரு முழங்காலைக் கதவோரத்தில் ஊன்றி, எட்டி, குழிந்த வாயின் குறுக்கே கீறினாள்.

நீண்ட, நீண்ட ஒரு இழுப்பு. ஷெட்டிலிருந்த காற்று முழுவதும் அந்தக் கீறலை நோக்கிப் போவதைப் போல அவள் தலைமுடி முன்னால் பறந்தது.

பிறகு தண்ணீர் வந்தது. கலங்கிய, சில்லென்ற தண்ணீர்.

போன் அடித்தது. எடுக்கும்போது கை வழுக்கியது.

"அக்கா." வண்டிக்காரன். "முடிஞ்சிடுச்சாக்கா?"

"தம்பி... இதுக்குள்ள யாரு?"

அவன் குரல் தாழ்ந்தது.

"வெட்டிட்டீங்களா?"

"மூச்சு முட்டுச்சு தம்பி. பார்த்துட்டு நிக்க முடியல. வெட்டிட்டேன்."

அவன் அழுகிறானா, சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "அண்ணன் என் கையைப் பிடிச்சான்க்கா. வண்டியோட ஆத்துல மாட்டிக்கிட்டோம், வெள்ளம் கழுத்துக்கு வந்துடுச்சு. என் சீட் பெல்ட் கழண்டுது, அவனோடது கழலல. கையைப் பிடிச்சுக்கிட்டான். விடவே இல்ல. நான்... உதறிட்டு வெளிய வந்துட்டேன். அவன் அதுலேர்ந்து வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் பூசச் சொன்னேன்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். மாடியில." மூச்சு வாங்கினான். "தரை ஈரமா இருக்குக்கா."

"வெளிய போங்க. உடனே வெளிய போங்க தம்பி!"

"காலு... காலைத் தூக்க முடியல."

ஏதோ கனமாகத் தண்ணீரில் விழுந்த சத்தம். போனில் குமிழிகள் வெடிக்கும் ஓசை. பிறகு எதுவும் இல்லை.

"தம்பி? தம்பி!"

"அக்கா."

அதே குரல், போனிலிருந்து அல்ல. எதிரிலிருந்து. தடித்த ஒன்றுக்கு அடியிலிருந்து.

கீறப்பட்ட முகத்துக்குப் பக்கத்தில் பூச்சு மறுபடி எழும்பியது. இந்த முறை மெதுவாக அல்ல. நெற்றி, மூக்கு, திறந்த வாய், எல்லாம் ஒரே உதறலில் மேலே வந்தன. அந்த வாய் குழிந்தது. உப்பியது. அடியிலிருந்து ஒரு கை பூச்சைப் பிய்க்கப் பார்த்து, விரல்களை விரித்துத் திமிறியது.

அவள் உள்ளே பாய்ந்தாள். கத்தியை அந்த வாயின் மேல் வைத்து இழுத்தாள்.

அலகு வழுக்கியது.

அழுத்தி இழுத்தாள். அலகு ஒடிந்து தெறித்தது. பூச்சு இறுகிவிட்டது. முழு நாள் காய வேண்டியது, கல்லாகியிருந்தது. உள்ளங்கையால் அடித்தாள். முட்டியால் குத்தினாள். தோல் கிழிந்தது. கறுப்பில் ஒரு கீறல் விழவில்லை.

டார்ச் உருண்டு ஓரத்தில் போய் நின்றது. அதன் வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. இரண்டு உடல்கள், அருகருகே, கறுப்புத் தரையில் புடைத்து நின்றன. ஒன்றின் நீண்ட கை மற்றதன் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. ஐந்து விரல்களும், நகங்களும்கூட, தெளிவாக. கீறிய வாய் மூடியிருந்தது, தூங்குகிறவனின் வாய் போல. மற்ற வாய் திறந்தபடியே இறுகியிருந்தது.

அதற்கு அடியிலிருந்து, தகட்டை யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.