நாற்பத்தைந்துக்கு அடுத்த வில்லை

கிட்வேயை அடுத்த அந்தச் செம்புச் சுரங்கத்தில், நாலு மணிக்கு இடிந்த குழியில் சிமென்ட் ஊற்றி மூடுவதாக ஏற்பாடு. மூன்றரைக்குத்தான் சிலுஃப்யா சங்கத்துக் கொட்டகைக்குள் வந்தாள். பின்னால், அதே சுரங்கத்தில் வேலை செய்யும் அவள் தம்பி முசோண்டா.

"என் வீட்டுக்காரர், அறுபத்தொண்ணாம் நம்பர், உள்ளதான் இருக்கார் ஐயா. மூணு நாளாச்சு. ஆபீஸ்ல என்னடான்னா, அறுபத்தொண்ணு வெளிய வந்துட்டான், விளக்கையும் தூக்கிக்கிட்டு எவளோடயோ காங்கோவுக்கு ஓடிட்டான்றாங்க."

சங்கத்துக்காக விசாரிக்கும் கடோங்கோ தலையை மட்டும் அசைத்தார். அவருடைய கூட்டாளி கபாசோ, பத்து வருடம் பாறை துளைத்தவன், விளக்கறைக்கு ஓடிக் கம்பியைக் கொண்டுவந்தான். மேலே வருகிறவன் விளக்கை வைத்துவிட்டு, தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அந்தக் கம்பியில் கோப்பான். குழி இடிந்த அன்று கோத்தபடியே தொண்ணூற்றாறு வில்லைகள் இருந்தன.

"எது குறையுது, எது ரெண்டு தடவை இருக்குன்னு பாக்கணும். ஒண்ணு, ரெண்டுன்னு தேடி அடுக்கிடறேன்," என்றான் கபாசோ.

"ஒவ்வொண்ணுக்கும் கம்பி முழுக்கத் தடவுவியா? அதுக்குள்ள மூடிட்டுப் போயிடுவான். பாரு, எண் ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. ஏன்?"

கூடவே வந்திருந்த விளக்கறைக்காரர் சிகாஸ்வே தன் நொண்டிக்காலைத் தட்டினார். "இதை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் ஒண்ணாம் நம்பர் விளக்குப் பலகைக்கு நடக்கச் சொல்றியா? ஒரு குழுவைச் சின்ன எண்லேருந்து கூப்பிடுவேன். அடுத்த குழுவை, நின்ன இடத்துலேருந்து திரும்பி வந்துக்கிட்டே கூப்பிடுவேன்."

"அப்ப பாதி வேலை முடிஞ்சே இருக்கு," என்றார் கடோங்கோ. "திரும்புற இடத்துல எல்லாம் பிரி. இறங்குற துண்டைத் தலைகீழாப் போடு. அப்புறம் ஒவ்வொரு துண்டோட தலையை மட்டும் பாத்து, இருக்கறதுலயே சின்னதை எடுத்துக்கிட்டே வா."

பத்து நிமிடத்தில் தரையில் ஒரே வரிசை கிடந்தது. ஒன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. அறுபத்தொன்றும் இருந்தது. தேய்ந்த பழைய வில்லை, போலியும் இல்லை. அப்படியானால் அவன் மேலே வந்தது நிஜம்தான். கபாசோவால் சிலுஃப்யாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எத்தனை துண்டாப் பிரிச்சே?" என்றார் கடோங்கோ.

"ஆறு."

"அன்னிக்கு மேல வந்தது எத்தனை குழு?"

"நாலு..." கபாசோ கம்பியில் இருந்த வரிசையை நினைத்துப் பார்த்தான். இரண்டாவது குழு இறங்குவரிசை. எண்பத்தெட்டு, எழுபத்திரண்டு, நாற்பத்தைந்து. அங்கே அறுபத்தொன்று ஒற்றையாய் மேலே துள்ளி, மறுபடி நாற்பதுக்கு இறங்கியிருந்தது.

"சிகாஸ்வே கூப்பிட்ட வரிசையில அறுபத்தொண்ணு, நாற்பத்தஞ்சுக்கு முன்னாடி வந்திருக்கணும். அப்ப யாரும் வரல. நாற்பத்தஞ்சு தன்னோடதைக் கோத்த கையோட இதையும் கோத்திருக்கான். யாருப்பா நாற்பத்தஞ்சு?"

"நான்தான்," என்றான் முசோண்டா.

"மாமாதான் வில்லையைக் குடுத்தாரு, அக்கா. 'லேட்டாக் கோத்தா நாளைக்கு வேலை தர மாட்டான், என்னோடதையும் கோத்துடு, ரெண்டு துளை போட்டுட்டு வந்துடறேன்'னாரு. நான் மேல வந்தேன், இடிஞ்சிடுச்சு. சொன்னா என்னை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு..."

"அவர் உசுரோட இருந்தாரா?" என்றார் கடோங்கோ.

"குழிக்குள்ள போற காத்துக் குழாய்ல காதை வெச்சேன். தட்டுற சத்தம் கேட்டுச்சு."

"எப்ப வரைக்கும்?"

"நேத்து காலை வரைக்கும்."

கபாசோ சிமென்ட் லாரியை மறிக்க ஓடினான். டிரைவரின் சட்டையைப் பிடித்து இறக்கி, தோண்ட ஆட்களைத் திரட்டிக்கொண்டு குழிக்கு வந்தபோது, சிலுஃப்யா சேற்றில் படுத்துக் குழாயில் காதை ஒட்டியிருந்தாள். தம்பியை அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அக்கா," என்றான் முசோண்டா.

"பேசாதடா. கேட்டுக்கிட்டு இருக்கேன்."