மூழ்கிய கப்பலின் இலச்சினை

"திருடியை உட்கார வச்சு தண்ணி குடுக்கிறீங்களே, நல்லாருக்கு!"

"யாருய்யா திருடி? என் பிள்ளையைக் கடல்ல—"

"என் வீட்டுச் சுவர்லேருந்து கழட்டிட்டு வந்தவளுக்கு வாயைப் பாரு!"

"—கடல்ல விட்டுட்டு வந்தவன் வீடு!"

துப்பறிவாளர் இருவரையும் பேச விட்டார். அவர் பார்வை மேஜைமேல் கிடந்த பித்தளை இலச்சினையில் இருந்தது. சிறகு விரித்த கடற்பறவை. அதன் காலடியில், மூழ்கிப்போன போர்க்கப்பலின் வாசகம்: 'ஒருவரையும் கைவிடோம்.' புகாரோடு வந்தவர் அந்தக் கப்பலின் கேப்டன். எதிரே இருந்தவள், அதன் இயந்திர அறையோடு மூழ்கிய மெக்கானிக்கின் தாய்.

துப்பறிவாளரின் மைத்துனன் அவள் கைப்பையைக் கவிழ்த்தான். நான்கு திருகாணிகள் உருண்டன.

"கையும் களவுமா! கேஸ் முடிஞ்சுது அத்தான்."

"எடுத்தேன்னு நான்தான் சொல்றேனே, தம்பி. இதுல என்ன கண்டுபிடிப்பு?" என்றாள் அவள்.

"வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்காதீங்க, மாப்பிள்ளை" என்ற துப்பறிவாளர் கேப்டனிடம் திரும்பினார். "இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"கப்பல் மூழ்கின விசாரணையிலயே சொன்னதுதான். இயந்திர அறைக் கதவுக்கு மேல இருந்துச்சு. கப்பல் சாயுறப்போ அலை பிய்ச்சு என் படகுல போட்டுச்சு. அந்தக் கதவோட தாழ்ப்பாளை இழுக்கக்கூட நேரமில்லை."

"அசல்தானா? கடையில செஞ்ச நகல் இல்லையே?"

"நகலா! ஆணிகூட கப்பலோட ஆணி. தலையில முத்திரை இருக்கு, பாருங்க."

இருந்தது. ஒவ்வோர் ஆணித் தலையிலும் அதே பறவை, கடுகளவில். துப்பறிவாளர் ஓர் ஆணியை இலச்சினையின் துளையில் வைத்துப் பார்த்தார். துளை வட்டம் குலையவில்லை, ஆணியும் வளையவில்லை.

மைத்துனன் முகம் மாறியது. "அத்தான்... அலை பிய்ச்சிருந்தா ஆணி கப்பல் சுவரோட நின்னிருக்குமே?"

"துளையும் கிழிஞ்சிருக்கும். எந்த அலை நாலு ஆணியையும் ஒண்ணொண்ணா திருகிக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கும்? திருப்புளி பிடிச்ச கைதான் போட்டுக்கும்."

"அது... மெருகு போடுறதுக்காக முன்னாடியே கழட்டினது" என்றார் கேப்டன்.

"கப்பல் சாயுறப்போ சுவர்ல இருந்துச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க? நாலு ஆணிக்கு நேரம் இருந்திருக்கு. பக்கத்துலயே இருந்த ஒரு தாழ்ப்பாளுக்கு இல்லை."

கேப்டன் தொப்பியைக் கையில் எடுத்தார். யாரையும் பார்க்காமல், "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். இதை அந்தம்மாவே வச்சுக்கட்டும்" என்றார்.

அவள் இலச்சினையை அவர் பக்கம் தள்ளினாள். குரல் இறங்கியிருந்தது.

"பித்தளை எனக்கெதுக்கு? இதை மட்டும் சொல்லுங்க. நீங்க கழட்டிட்டு இருந்தப்போ, அவன் உள்ளேருந்து தட்டினானா?"