மூன்று தட்டினால்

பாலிஷ் போட்டு வாங்கி மூன்றே நாளாகியிருந்த கடிகாரத்தின் கொக்கியில் மூன்று குழிகள் விழுந்திருந்தன.

புதன்கிழமை சாயங்காலம் அதைக் கழற்றும்போதுதான் ரெமிஜியஸ் பார்த்தான். அழுக்காக இருக்கும் என்று கட்டைவிரலால் தேய்த்தான். போகவில்லை. செயினைப் பூட்டுகிற அந்தத் தங்கப் பட்டையில் நகத்தை ஓட்டினால், வரிசையாக மூன்று இடத்தில் தடுக்கியது. மேஜையில் எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்போம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஐம்பத்தோரு வயதுக்குள் ஒரு மனிதன் வேறு எதைக் கற்றானோ இல்லையோ, இதைக் கற்றுவிடுகிறான். ரெமிஜியஸுக்கு இதில் கைதேர்ந்த பழக்கம்.

அது அவன் அப்பா லாயிடின் கடிகாரம். மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் பதினொரு வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பும்போது, அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம். சுவிட்சர்லாந்துச் சரக்கு, எஃகும் தங்கமும் கலந்த செயின். காக்ஸ் டவுனில் அவர்கள் தெருவில் லாயிடின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அவர் கை தெரியும். போன வருஷம் அவர் இறந்ததும் அது டிராயருக்குள் போனது. கை அசைவில் தானாகச் சாவி ஏறுகிற ரகம். கட்டிக்கொள்ளக் கை இல்லாமல் இரண்டாம் நாளே நின்றுவிட்டது.

இப்போது வருஷ பூசைக்கு அக்கா சென்னையிலிருந்து வருகிறாள். செருப்பைக் கழற்றுவதற்குள் "அப்பா வாட்ச் எங்கடா" என்பாள். அதற்காகத்தான் ரெமிஜியஸ் அதை எடுத்துக்கொண்டு, இந்திராநகரில் ஒரு மாடியில் வாட்ச் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மமதாவிடம் போன வாரம் போயிருந்தான். அவள் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, எல்லாம் சரி செய்துவிடலாம் என்று சொன்னாள். பிறகு கொக்கியைத் திருப்பினாள். குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"சார், மேஜையில உரசினா மயிரிழை மாதிரி நீளவாக்குல கோடு வரும். அதுவும் இருக்கு. ஆனா இது வேற. குழி குழியா, மொத்தம் இருபத்தேழு. பழசு புதுசுன்னா ஓரம் மாறும். இதுல எல்லா ஓரமும் ஒரே மாதிரி. ஒரே நாள்ல விழுந்திருக்கு."

ரெமிஜியஸ் குனிந்து கொக்கியைப் பார்த்தான்.

"உங்கப்பா எதையோ பலமா தட்டியிருக்காரு." அவள் லென்ஸைக் கழற்றினாள். "சில பேர், அப்பாவோட கீறல், இருக்கட்டும்னு சொல்வாங்க. விட்டுடட்டா?"

"வேணாம்மா. ஒண்ணு விடாம எடுத்துடுங்க."

"ஆய்த்து சார்" என்று கன்னடத்தில் ஒப்புக்கொண்டாள். வேலைக்கு முன்னால் ஒரு படம், முடிந்த பிறகு ஒரு படம் எடுத்து அனுப்புவது அவள் வழக்கம். இரண்டும் அவன் போனில் வந்து சேர்ந்தன. இரண்டாவது படத்தில் கொக்கி கண்ணாடி மாதிரி இருந்தது.

அப்பா எப்படிப் போனார் என்று ரெமிஜியஸ் எல்லோரிடமும் ஒன்றேதான் சொல்லியிருந்தான். மனைவி சுனிதாவிடம், மகள் தீபிகாவிடம், அக்காவிடம், கோயில் சாமியாரிடம். மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார், முகத்தில் ஒரு வலி இல்லை என்று. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் விழுந்து ஏழு மாதம் கிடந்த மனிதருக்கு இப்படியொரு சாவு கிடைத்ததே என்று எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள்.

நடந்தது வேறு. பேச்சு போன அப்பாவுக்கு ரெமிஜியஸே ஒரு பாஷை ஏற்படுத்திக் கொடுத்திருந்தான். இடது கையில் இருக்கும் வாட்சால் கட்டிலின் பக்கக் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் சிறுநீர் டப்பா. மூன்று தட்டினால் வா. அப்பா மூன்றைத்தான் அதிகம் தட்டினார். போய்ப் பார்த்தால் ஒன்றும் வேண்டியிருக்காது. பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டுவார், அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மத்தியானம் மூன்று நாற்பதுக்கு, எதிர் அறையில் ரெமிஜியஸ் வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங்கில் இருந்தான். மூன்று தட்டு கேட்டது. மறுபடி மூன்று. என்ன சத்தம், வீட்டில் கட்டட வேலையா என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அவனுக்கு மானம் போன மாதிரி இருந்தது. எழுந்து கதவருகே வந்தான். எதிரே கட்டிலில் அப்பா தலையைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிஷம். கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராத அந்தக் கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நாற்பத்தேழு நிமிஷம் கழித்து அவன் கதவைத் திறந்தபோது அப்பாவின் கை கம்பியின் மேலேயே இருந்தது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா இரண்டு முறை கூப்பிட்டார் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். மமதாவின் கடைப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் இருபத்தேழை மூன்றால் வகுத்துப் பார்த்தான். ஒன்பது முறை.

வியாழக்கிழமை கொக்கியில் ஆறு குழிகள் இருந்தன. மமதா முதலில் அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கி, பக்கத்தில் கொக்கியை வைத்துப் பார்த்தான். எந்த இடத்தில் போனதோ அந்த இடத்திலேயே வந்திருந்தது, அதே சாய்வு, அதே ஆழம். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் குழம்பு பிடிக்கவில்லையா என்று சுனிதா இரண்டு தடவை கேட்டாள்.

எதிர் அறையை இப்போது தீபிகா எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வீட்டிலிருந்தே வேலை. ரெமிஜியஸ் தன் லேப்டாப்பை அப்பாவின் அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சுனிதா சொல்லிச் சொல்லியே கொடுக்காமல் விட்ட அந்தக் கம்பிக் கட்டில் அங்கேதான் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தான். வெளியே தேங்காய் வண்டிக்காரனின் குரல் தெருமுனைவரை போய்த் தேய்ந்து அடங்கியது. ஜன்னல் மூடியிருந்தும் எங்கிருந்தோ, அப்பாவுக்குத் தேய்த்துவிட்ட கற்பூரத் தைலத்தின் வாடை, அதற்கடியில் ஈரத் துணியின் புளித்த வாடை, மெதுவாக, யாரோ பக்கத்தில் வந்து நிற்பதுபோல வந்தது. அப்போது மறுமுனையில் ஒருவர் குறுக்கிட்டார்.

ரெமிஜியஸ், உங்கள் வீட்டில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறதே என்றார்.

அவனுக்கும் கேட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். கடைசியில்தான் குனிந்து தன் இடது கையைப் பார்த்தான். அது மேஜையின் இரும்புக் காலின் பக்கமாகத் தொங்கி, சாவகாசமாக மேலே எழும்பி, மூன்றாவது தடவையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை அசைக்கவில்லை.

சனிக்கிழமை கடிகாரத்தைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மூன்று நாற்பதுக்குப் பீரோவுக்குள் சத்தம் வந்தது. டக். டக். டக். துணிக்கு நடுவே இருப்பது இரும்பில் எப்படித் தட்டும் என்று அவன் யோசிக்க விரும்பவில்லை. கூடத்தில் சுனிதா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, காதையாவது அடைத்துக்கொள்ளலாம் என்று டிராயரைத் திறந்தான். அன்றைக்குப் பிறகு அவன் தொடாத கறுப்பு ஹெட்போன் அதற்குள்தான் இருந்தது. இப்போது இல்லை. தீபிகாவைக் கேட்டான். என்னுடையது வெள்ளை டாடி, உங்களுடையதை நான் ஏன் எடுக்கப் போகிறேன் என்றாள். திங்கட்கிழமை அது கிடைத்தது. கம்பிக் கட்டிலில், தலையணையில், ஒரு தலை அழுந்திய பள்ளத்துக்கு நடுவில் இருந்தது. ஒரு வருஷமாகச் சார்ஜ் ஏற்றாத அதன் ஓரத்தில் நீல விளக்கு மின்னி மின்னி அணைந்தது. எடுத்துத் தூர எறியக் கையை நீட்டினான். முடியவில்லை. அறைக்கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தான். மறுநாள் பார்த்தபோது அது தலையணையில் இல்லை. அறையில் எங்கேயுமே இல்லை.

அடுத்த புதன்கிழமை குழிகள் இருபத்துநான்கு. கொக்கியைப் படமெடுத்து மமதாவுக்கு அனுப்பி, மறுபடி பாலிஷ் போட முடியுமா என்று கேட்டான். பதில் உடனே வந்தது.

"சார், இது நான் எடுத்த பழைய போட்டோதானே? மூணு குழிய மட்டும் அழிச்சிருக்கீங்க."

யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் இது நின்றுவிடும் என்று ரெமிஜியஸுக்கு எப்படியோ தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். அப்பா கூப்பிட்டார், நான் போகவில்லை. அன்று சாயங்காலம் தீபிகாவின் அறை வாசலில் போய் நின்றான். அவள் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினாள்.

"என்ன டாடி?"

"தாத்தா போனாரே, அன்னைக்கு..."

"ம். தூக்கத்துலயே போயிட்டாரு. எல்லாருக்கும் அது அமையுமா?" அவள் கண் திரைக்குத் திரும்பியது. "நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அதுவும் அவரோட புண்ணியம்."

அவன் வாய் திறந்தே இருந்தது. சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தில் அந்தப் பெருமை போய்விடும் என்று பயந்தான். "ஆமாம்மா" என்றான். ஹெட்போன் திரும்பக் காதை மூடியது.

வியாழக்கிழமை பூசை ஆறு மணிக்கு. சுனிதா பூக்களை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே கோயிலுக்குக் கிளம்பினாள். ஸ்டேஷனிலிருந்து அக்காவும் நேராக அங்கே வந்துவிடுவாளாம். வாட்சை மறக்காமல் கட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் அக்கா கண் முதலில் அங்கேதான் போகும் என்று சொல்லிவிட்டு, அவனிடம் சாவியை வாங்கித் தானே அதைப் பீரோவிலிருந்து எடுத்து அவன் கையில் மாட்டிப் பூட்டிவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருந்த ஒரே காரணம் சொல்லக்கூடியதாக இல்லை.

மழை பிடித்துக்கொண்டு மத்தியானமே இருட்டிவிட்டது. மழைத்தண்ணீர் குழாயில் குடுகுடுவென்று இறங்குகிற சத்தம், எதிர் அறையில் தீபிகா மீட்டிங்கில் பேசுகிற சத்தம், மணிக்கட்டில் கடிகாரத்தின் மெல்லிய ஓட்டம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்டுக்கொண்டிருக்க, ரெமிஜியஸ் சாக்ஸ் போட்டுக்கொள்வதற்காக வேறு இடமில்லாமல் அந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். தைல வாடை வந்தது.

வலது கையிலிருந்து சாக்ஸ் நழுவி விழுந்தது.

எடுக்கக் குனிந்தான். விரல்கள் மூடவில்லை. இன்னொரு தடவை. மூடவில்லை. வாயோரம் ஏதோ வழிந்தது. தீபிகா என்று கூப்பிட்டான். வந்தது பெயர் இல்லை. ஒரு முனகல். அறை மெதுவாகச் சாய்ந்தது. சாய்ந்தது அவன்தான். தலை போய்ச் சேர்ந்த இடத்தில் தலையணையின் பள்ளம் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

வலது கால் இல்லை. வலது கை இல்லை. இடது கை இருந்தது.

இரண்டு கதவும் திறந்திருந்தன. எதிரே மகளின் முதுகு தெரிந்தது. வெள்ளை ஹெட்போன். எட்டே அடி.

கையைத் தூக்கினான். இந்தத் தடவை தூக்கியது அவனேதான்.

டக்.

டக்.

டக்.

தீபிகா நிமிர்ந்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. என் பெண். கேட்டுவிட்டது. அவள் எழுந்து கதவை நோக்கி வந்தாள். அவள் கண் கையிலிருந்த போனில் இருந்தது. "சாரி, வீட்ல ஏதோ சத்தம்" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள்.

கதவைச் சாத்தினாள்.

கை தூக்க வரவில்லை. கம்பியின் மேல் அப்படியே கிடந்தது. கண்ணுக்கு நேரே கொக்கி. இருபத்தேழு குழிகள். மணி மூன்று நாற்பது.

மூன்று தட்டினால் வா என்று அர்த்தம். யாராவது வந்தாக வேண்டும்.

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. இடது கால் ஊன்றியது. வலது கால் தரையோடு இழுபட்டு வந்தது. ஊன்றியது. இழுபட்டது. மழைச் சத்தத்தையும் மீறித் தெளிவாகக் கேட்டது.

அப்பா உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது மணிக்கட்டில், கடிகாரம் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அந்தக் கறுப்பு ஹெட்போன் அவர் காதுகளில் இருந்தது. நீல விளக்கு மின்னியது. அணைந்தது. மின்னியது.

ரெமிஜியஸ் தன் கண்ணால் என்னென்னவோ சொன்னான்.

அப்பா அவனையே பார்த்தார். கோபமே இல்லாத முகம். எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகம். பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கி, ஒற்றை விரலைக் காட்டினார்.