அவளுக்குள் ஒரு புது வழி

அவள் தடுக்கி விழப்போனது ஒரு ஜோடிக் கால்களில்.

ஆஸ்பத்திரி ஸ்கேன் அறை வாசலில் இருந்த பெரிய பிரிண்டரை ரிப்பேர் பார்க்க, அதன் அடியில் தலையை நுழைத்துக்கொண்டு யாரோ ஒருவன் மல்லாந்து படுத்திருந்தான். வெளியே மழை. ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. அந்த எரிச்சலெல்லாம் அந்தக் கால்கள் மேல் திரும்பியது.

"நடக்கிற வழியில காலை நீட்டிப் படுத்தா எப்படிங்க?"

அவன் பதறி எழுந்தான். பிரிண்டர் விளிம்பில் தலை 'ணங்'கென்று இடித்தது. மூக்குக் கண்ணாடி கழன்று விழ, அதன் மேலேயே கையை ஊன்றினான்.

"கொஞ்சம் மெதுவா திட்டியிருந்தா மெதுவா எழுந்திருப்பேன்ல..." என்று நெற்றியைத் தேய்த்தபடி தரையைத் துழாவினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். வளைந்த ஃபிரேமைக் கண்டால் கை சும்மா இருக்காது. கைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகை முடுக்கினாள், கம்பியை நிமிர்த்தினாள். கடையில் செய்வது போலவே கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டி, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

தினமும் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள்தான்... இந்தக் கண்கள் மட்டும் ஏன் இப்படி? மழை விட்ட பிறகு இலையில் தங்கிப்போன ஈரம் மாதிரி... சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

யாருக்கு ஸ்கேன் என்று கேட்டான். எனக்குத்தான் என்றாள். சொன்னதும் எல்லார் முகமும் ஒரு மாதிரி மாறும், அதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவன் முகம் மாறவில்லை. அப்படியானால் சாப்பிடாமல் இருப்பீர்களே, இதோ முடித்துவிடுகிறேன் என்று மறுபடி படுத்தான். இந்தத் தடவை காலை மடக்கிக்கொண்டு.

மனசுக்குள் அவனுக்குப் 'பிரிண்டர்' என்று பெயர் வைத்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தாள்...

கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அடைத்துப்போயிருந்தது. போக வழியில்லாத ரத்தம் அக்கம்பக்கத்துச் சின்னக் குழாய்களில் முட்டிமோதிப் போனது. அழுத்தம் தாங்காமல் உணவுக்குழாயில் நரம்புகள் புடைத்தன, மண்ணீரல் வீங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை, கல்லூரியில் ஒரு முறை ரத்த வாந்தி. ஒவ்வொரு தடவையும் எண்டோஸ்கோப்பி செய்து, புடைத்த நரம்புகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். கட்டக் கட்ட வேறு இடத்தில் புடைத்தது.

ஆபரேஷன்தான் நல்லது என்று சர்ஜன் பலமுறை சொல்லிவிட்டார். மண்ணீரலிலிருந்து வரும் ரத்தக்குழாயை இடது சிறுநீரகத்து ரத்தக்குழாயோடு இணைத்துவிட்டால் தேங்கிய ரத்தம் அந்தப் பக்கம் வடியும், அழுத்தம் இறங்கும். இணைத்த இடம் அடைத்துக்கொள்ளவும் கூடும், கல்லீரலுக்குப் போகிற ரத்தமும் கொஞ்சம் குறையலாம், அதனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவளுக்குப் பயம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அம்மாவுக்கு வேறு பயம். ஒரு சம்பந்தம் கைகூடி வந்த நேரத்தில் விஷயம் தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

பிரிண்டர் ஒரு நாள் கடைக்கே வந்து நின்றான். கடைப் பெயர் அச்சிட்ட கண்ணாடி துடைக்கும் துணியை அவள் ஸ்கேன் அறை பெஞ்சில் மறந்து வைத்துவிட்டாளாம், கொடுக்க வந்தானாம். அடுத்த வாரம் ஃபிரேம் மூக்கை அழுத்துகிறது என்றான். அதற்கடுத்த வாரம் காதை உறுத்துகிறது என்றான். இந்தத் தம்பிக்கு முகம்தான் கோணலா என்று முதலாளி அவன் காதுபடவே கேட்டார். கடைசியில் வெட்கப்பட்டு ஒரு புதுக் கண்ணாடியே வாங்கினான்.

மழை நாட்களில் பஸ் ஸ்டாப் வரை ஒரே குடையில் நடந்தார்கள். தன் உடம்பைப் பற்றி அவளே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். புரியாததை மறுபடி கேட்டான். ஐயோ பாவம் என்று மட்டும் சொல்லவேயில்லை...

அப்படி ஒரு மாலையில்தான், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசட்டுமா என்று கேட்டான். அவள் நின்றுவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில பார்த்தீங்க... அதான் இப்படித் தோணுது. இது இரக்கம். எனக்கு வேணாம்."

"இரக்கமா? அன்னிக்குக் கண்ணாடி வளைஞ்சு நின்னது நான். இரக்கப்பட்டது நீங்க."

"விளையாடாதீங்க. நாளைக்கே நான் ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்தா என்ன செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். வேற என்ன செய்வாங்க?"

அந்த எளிய பதில்தான் அவளை உலுக்கியது. அழுகை வந்தது. அழுவதை அவன் பார்க்கக்கூடாது என்ற வீம்பும் வந்தது. இனிமேல் வராதீர்கள் என்றாள். அவன் முகம் சிறுத்துப்போனது. குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனான்.

சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவன் வரவில்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள்.

அந்த நாட்களில்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று சொல்லிச் சொல்லியே அவள் எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருந்தாள். அவனுக்காக இல்லை, தனக்காக... சர்ஜனிடம் போய்த் தேதி கேட்டாள். அம்மா கூடவே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் நீளமான தையல். இருமினால் உயிர் போனது. வலிக்கு நடுவில், வார்டு வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் காது தானாகக் கூர்மையானது. நான்தானே வராதே என்றேன்... பைத்தியம், நான்.

வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து ஸ்கேனுக்கு வந்தாள். டாக்டர் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்துத் தேடினார். திரையில் ஒரு நீல நிறக் கோடு மலர்ந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்த, அறை முழுக்க ஓர் ஓசை... தூரத்து மழை போல, விட்டு விட்டு இல்லாமல், சீராக.

"இது உன்னோட ரத்தம்தாம்மா. புது வழியில நல்லா ஓடுது. கல்லீரலுக்கும் போகுது. மண்ணீரல் வீக்கம்கூடக் குறைஞ்சிருக்கு."

கண்ணோரம் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. இந்தச் சத்தத்தை அவனும் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. உடனே தோன்றியது. வேறு எதுவுமே தோன்றவில்லை.

வாடகைக் காரில் திரும்பும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பையனுக்கு எல்லாம் தெரியுமா என்றாள் அம்மா. எல்லாம் தெரியும், தெரிந்துதான் கேட்டார் என்றாள் மகள். அம்மா டிரைவரிடம் வண்டியை அவன் பட்டறைப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

அவன் பட்டறையில் பிரிண்டர்கள் வயிறு திறந்து கிடந்தன. நடுவில் அவன். முழங்கை வரை கறுப்பு மை. அவளைப் பார்த்ததும் எழுந்தான், முகம் பார்த்தான், வயிற்றில் வைத்திருந்த கையைப் பார்த்தான்.

"வராதீங்கன்னா வராமயே இருந்துடுவீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க..."

"சொன்னேன்..." அவள் குரல் இறங்கியது. "ஆபரேஷன் முடிஞ்சுது. ரத்தம் நல்லா ஓடுது. ஆனா இது அடைச்சுக்கவும் செய்யலாம். ஆயுசுக்கும் ஸ்கேன் பார்த்துட்டே இருக்கணும். பெரிய தழும்பு வேற... எல்லாம் சேர்த்துத்தான் நான்."

"எங்கிட்ட வர்ற மெஷின்லகூட..."

"மெஷின்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, இப்படியே திரும்பிப் போயிடுவேன்."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. ஆபரேஷன் தேதியைக் கடை முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். அன்றைக்குக் கழற்றிய எதையும் அவனால் திரும்பப் பூட்ட முடியவில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் கண்கள் பளபளத்தன.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள் அவள். இத்தனை நாள் மூச்சைப் பிடித்து வைத்திருந்தவள் போல. "ரொம்ப..."

அவன் கையிலிருந்த மையை அவசரமாகத் துணியில் துடைத்தான், அது இன்னும் பரவியது.

"அம்மா வெளியில கார்ல இருக்காங்க. வந்து பேசுங்க."

"இந்தக் கையோடயா?"

"இந்தக் கையோடதான்" என்று அதைப் பிடித்துக்கொண்டாள்.