வெள்ளைக்கரட்டுக் கிணறு

மூன்று பேர் இருந்தார்கள். சென்னிமலை மேசையருகே முக்காலியில், மனுத்தாளுக்கு நேராக. அவன் மனைவி மயிலாத்தாள் கதவோரம் தரையில், தண்ணீர்ச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு. அவள் தம்பி அப்புசாமி வாசற்படியில், கடைசி பஸ்ஸுக்குக் காதை வைத்தபடி. மயிலாத்தாள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் சென்னிமலைக்குப் பொறுக்கவில்லை.

வாளையாருக்குத் தெற்கே வெள்ளைக்கரடு என்ற குன்றில் சுண்ணாம்புக்கல்லுக்காக எழுபத்தாறு சித்திரையில் வெடி வைக்கத் தொடங்கியதிலிருந்து, கரட்டடியில் இருந்த அவன் கிணறு உப்புக் கரித்தது. தென்னை கருகியது. எருமை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிளந்த பாறைக்குள் வரிவரியாகச் சிப்பிகள். அளக்க வந்த சர்வேக்காரர், இந்தக் கரடு ஒரு காலத்தில் கடலுக்குள் நீண்டு கிடந்த முனை, இந்தச் சுண்ணாம்பெல்லாம் கடலில் செத்த உயிர்களின் ஓடு என்று பீடி பற்றவைத்தபடியே சொல்லிவிட்டுப் போனார். கிணற்றில் கடல் ஏறுகிறது, வெடியை நிறுத்துங்கள் என்று சென்னிமலை மனு எழுதினான். மலையாளத்தில் எழுதச் சொல்லி ஆபீசில் திருப்பினார்கள். ஆளைப் பிடித்து மலையாளத்தில் எழுதினான். கடல் பொன்னானியில் இருக்கிறது, உங்கள் கிணற்றில் அல்ல என்று பதில் வந்தது.

"இதுக்கும் அதே பதில்தான் வரும், மச்சான். பேசாம அக்காளக் கூட்டிக்கிட்டு எங்கூட்டுக்கு வந்துருங்க" என்றான் அப்புசாமி.

சென்னிமலை அவளைக் கூப்பிடாமலா இருந்தான்? அவள் நகர வேண்டுமே. சோறு இறங்காமல் மாதமாகிறது. தண்ணீர், தண்ணீர், அந்தத் தண்ணீர் மட்டும்.

"ஏனுங்க, இதுக்கு என்ன கேடு? இனிக்குதுங்க" என்றாள் இப்போதும்.

மழையில் வெடி நின்று ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. வெளியே இலையெல்லாம் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தது. வீட்டுக்குள் மட்டும், அவள் கால் வைத்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி. கூட்டக் கூட்டப் பொடி. மீன் வாங்கியே பல நாளான வீட்டில் மீன் வாடை.

மனுவை மடித்து உறையில் போட்டான். ஈரக் காற்றில் பசை வீணாகி ஒட்டமாட்டேன் என்றது. இதுகூடவா?

"இங்க குடுங்க" என்று மயிலாத்தாள் வாங்கி நாக்கால் தடவினாள்.

சரக்கென்று, தாளைக் கல்லால் தேய்த்ததுபோல் ஓசை.

நாக்கு வெளுத்திருந்தது. கல் வெளுப்பு. வரிவரியாக.

அப்புசாமி ஒன்றையும் கவனிக்கவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

பஸ் இரைச்சல் தேய்ந்து ஓய்ந்தது. இன்னொரு இரைச்சல் ஓயவில்லை. புரண்டு வந்தது. இழுத்தது. மறுபடி புரண்டது. சென்னிமலை கிணற்றுப் பக்கம் காதைத் திருப்பினான். அங்கே இல்லை.

மயிலாத்தாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

இரைச்சல் பெரிதாயிற்று. கடைவாயில் நுரை. தாடைவரை வழிந்தது. உள்ளே திரும்பிப் போனது.

மறுபடி வந்தது.