படிகக்கண் பொய் சொல்லாது

அருள்நெறி அடுக்ககத்தின் வாசல் வளைவைக் கடக்கும்போது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து, நல்ல பிள்ளை மாதிரி நடப்பார்கள். மூட்டுக்குள் இருப்பதை நடையால் மறைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வளைவுதான் படிகக்கண். முன்பெல்லாம் வீங்கிய மூட்டில் ஊசி குத்தி, நீரை உறிஞ்சி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். இப்போது நடந்தால் போதும். திரையில் கட்டை கட்டையாகத் தெரிந்தால் கால்சியம், வயசுக் கோளாறு. ஊசி ஊசியாக மஞ்சளில் மின்னினால் யூரிக் அமிலம், கௌட் என்கிற மூட்டுவாதம். உடனே சான்று வரும், கரைப்பான் மருந்து போட்டால் இரண்டே நாளில் வலி போய்விடும்.

நல்ல காரியத்துக்குத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் அருள்நெறியில் சைவக்காரர்களுக்கு மட்டும்தான் வீடு. கௌட் கறி தின்கிறவர்களின் வியாதி என்று சங்கத் தலைவர் சிதம்பரநாதனின் காதில் யாரோ போட்டுவைத்தார்கள். அதுவரை குக்கர் விசிலுக்கெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிய மனிதர், பாவம், அதன்பின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மஞ்சள் மின்னினால் படம் எல்லா வீட்டுக் கைப்பேசிக்கும் போகும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு காரணம் சொல்லும் டாக்டர் சீட்டு செல்லாது. காலி செய்கிறவர்கள் லிஃப்டைத் தொடக்கூடாது. எல்லாம் அவர் போட்ட தீர்மானம்.

முதலில் மாட்டியவர் மூன்றாம் மாடி எஸ்தர் டீச்சர்.

"சார், இந்த வீடு கிடைக்கணும்னே கறியை விட்டவ நான். பிரஷருக்கு நீர் பிரியிற மாத்திரை போடறேன். அதாலயும் யூரிக் அமிலம் ஏறுமாம்."

"டீச்சர், பாடத்தைப் பள்ளிக்கூடத்துல நடத்துங்க. படிகக்கண் பொய் சொல்லாது."

கூட்டம் சிரித்தது. வீங்கிய காலோடு டீச்சர் படி இறங்கியபோது சிதம்பரநாதன் கீழே நின்று, "பாத்தும்மா, பாத்து" என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கும் ரொம்ப நாளாக இருந்த பிரஷர் எகிறியது. டாக்டர் அதே நீர் மாத்திரையைக் கொடுத்தார். ஒரு விடியற்காலையில் கால் கட்டைவிரல் தக்காளியாகச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனது. எறும்பு கடித்துவிட்டது என்று சமாளித்தார்.

"எறும்பு கடிக்கா இந்தக் கத்து?" என்றார் மனைவி மங்கையர்க்கரசி.

"கட்டையா இருக்கணும், முருகா. ஊசியா இருக்கக்கூடாது" என்று அவர் முனகினார். கரைப்பானுக்குச் சான்று வேண்டும். சான்றுக்கு வளைவைத் தாண்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கடைசியில் வலி ஜெயித்தது. மனைவி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வர, வளைவு தீபாவளி மத்தாப்பாய் மஞ்சளில் மின்னியது.

அன்று மாலையே கூட்டம். பொருளாளர் தியாகு ஆபீஸில் தினமும் பிரியாணி சாப்பிடுகிற பையன். இளஞ்சிறுநீரகம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவதால் வளைவு அவனைப் பார்த்துக் கண் சிமிட்டியதே இல்லை. அவன்தான் எழுந்தான்.

"அங்கிள், படிகக்கண் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"டேய், மாத்திரைடா! நீர் மாத்திரை!"

அதே கூட்டம் அதே சிரிப்பைச் சிரித்தது. வீடு போனால்கூடப் பரவாயில்லை, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத வாய் கறி தின்ற வாய் என்று பெயர் வாங்குவதா? மங்கையர்க்கரசி ஃபோனில் அழுதார். "எங்க வீட்டுக்காரருக்கும் பிரஷர்தான் டீச்சர். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கூட்டம் கலைவதற்குள் எஸ்தர் டீச்சர் வந்தார். மாத்திரையை மாற்றி, கரைப்பானும் போட்டிருந்ததால் வளைவு சத்தமில்லாமல் வழிவிட்டது.

"டீச்சரம்மா, உங்களைக் கும்பிடறேன்" என்று சிதம்பரநாதன் கைகூப்பினார். "அன்னைக்கு நீங்க மாத்திரையைப் பத்திச் சொன்னது நிஜம்தானே?"

டீச்சர் அந்தக் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பொய்தாங்க. நான் வீட்ல ஆட்டுக்கால் சூப் வைப்பேன். சாருக்கும் ஒரு தூக்குல ஊத்திக் குடுப்பேன். ரொம்ப ஆசையாக் குடிப்பாரு."

"அடிப்பாவி!" என்று எழப்போனவர் கால் தரையில் பட்டு அலறி விழுந்தார்.

டீச்சர் மங்கையர்க்கரசியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "உப்பு மட்டும் கம்மியாப் போடச் சொல்வாருக்கா. பிரஷர் இருக்குல்ல?"

மங்கையர்க்கரசி சக்கர நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.